நிரலுக்குப் போய்ச் சேராத சொல்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. யார்மேல் கோபம் என்று எழுதி மூன்று முறை அடித்துவிட்டேன். 'ஜலஜா கொஞ்சம் கவனக்குறைவான' என்று ஒரு தொடக்கம்... பொய். அதையும் அடிக்கிறேன்.

ஜலஜா வங்காளத்தில், கிடர்பூர் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் என்னோடு வேலை பார்த்தவள். லாரி ஓட்டுநர்களைத் துறைமுகத்துக்கு அழைத்துக் குறுஞ்செய்தி அனுப்பும் ஜாவா நிரல் அவள் எழுதியது. நிரலை ஓட்டும்போது 'டெஸ்ட்' என்ற சொல்லைக் கொடுத்தால் ஒத்திகை மட்டும். கொடுக்காவிட்டால் செய்தி நிஜமாகவே போகும்.

2

(அடைப்புக்குள் தொழில்நுட்பம். தாண்டிவிடாதீர்கள், குற்றம் இங்கேதான் இருக்கிறது. நிரல் எழுதும் ஐ.டி.இ.யில் அந்தச் சொல்லுக்கென்றே ஒரு பெட்டி உண்டு. கிரேடில் என்ற கருவி வழியாக ஓட்டினால் --args போட்டு, மேற்கோள்குறிக்குள் தர வேண்டும். வெறுமனே 'டெஸ்ட்' என்று அடித்தால், கிரேடில் அதைத் தனக்கு இட்ட வேலையாக எடுத்துக்கொள்ளும். நிரலுக்கு ஒன்றும் போகாது; அது அந்தச் சொல் இல்லாமலே ஓடும்.)

இதை அவள் எல்லோருக்கும் மெயிலில் எழுதினாள். மேலாளர் வெங்கடநாராயணனிடமும் போனாள்.

"அந்தச் சொல் வரலைன்னா புரோகிராம் நின்னுடணும் சார். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? கிளையன்டுக்கு நீ பதில் சொல்றியா?"

3

செவ்வாய்க்கிழமை ஜலஜா லீவு. 'யாரோ ஒருவர்' அவள் நிரலைக் கிரேடிலில் ஓட்... என்ன யாரோ! நான்தான். மெயிலைப் படிக்காத ஹரீஷ். ஒத்திகை பார்க்கத்தான், வெறுமனே 'டெஸ்ட்' என்று அடித்தேன். திரையில் பச்சையாக வெற்றி என்று வந்தது.* டீ குடிக்கப் போனேன்.

முந்நூறு லாரிகள் வந்து சாலையை அடைத்தன. "கே டேக்கேச்சே, தாதா?" யார் கூப்பிட்டது என்று ஓட்டுநர்கள் வங்காளியில், வெயிலில் நின்று கத்தினார்கள்.

"யாரோட புரோகிராம் இது?" என்றார் வெங்கடநாராயணன்.

"ஜலஜாவோடது சார்."

ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் என்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். மேஜையைக் காலி செய்துகொண்டே கேட்டாள்: "நீ என்ன டைப் பண்ணேன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"சொல்றேன்..."

"எப்போ?"

* வெற்றி கிரேடிலுக்கு.

4

முதல் முடிவில் நான் உண்மையைச் சொல்கிறேன், அவளைத் திரும்ப அழைக்கிறார்கள், எல்லோரும் கை... கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் அவள் என்னை மன்னிக்கிறாள். அதை எழுத எனக்கு என்ன உரிமை?

நடந்தது இவ்வளவுதான். நான் அடித்த வரியையும் அவளுடைய பழைய மெயிலையும் சேர்த்து, இன்று காலை ஆபீஸ் முழுக்க அனுப்பினேன். "நீயும் வீட்டுக்குப் போறியா?" என்று வெங்கடநாராயணன் உறுமினார். ஜலஜாவுக்கும் அனுப்பியிருந்தேன். பதில் வந்தது:

"பதினோரு நாள் கழிச்சா?"

இதற்குச் சொல்ல நல்ல வாக்கியம் ஏதாவது உங்களிடம் இருக்கலாம். எனக்குத் தராதீர்கள்.