எட்டுத் தட்டு

மணி பதினொன்னு ஆவுது, சுஷ்மிதா இன்னும் வூட்டுக்கு வரல. சதுரங்கப்பட்டினம் கோட்டை, கடற்கரைன்னு டார்ச்சு புடிச்சிகினு தேடுறாங்க. அவங்கப்பா நரசிம்மன் சாரும் அந்த மஞ்சக் கண்ணோட அலையறாரு. எங்கம்மாவும் போயிருக்குது. காரணம் நான்தான்னு அதுக்குத் தெரியாது.

எங்கம்மா டவுன்ஷிப்புல சுஷ்மிதா வூட்ல சமைக்குது. நானும் அவளும் ஒரே பிளஸ் டூ கிளாசு. பயாலஜி எடுக்கற தெய்வநாயகி மிஸ்ஸு நீளமான மெடிக்கல் வார்த்தையா குடுத்து, துண்டு துண்டா பிரிச்சி, பெஞ்சுல தட்டிகினே சொல்ல வெப்பாங்க. அழுத்திச் சொல்ற எடத்துல தட்டும் பலமா வுழணும். ஒருநா நான் தப்பான எடத்துல ஓங்கித் தட்டிட்டேன். அதுலேர்ந்து மூணு மாசமா சுஷ்மிதா டிபன் பாக்ஸு மூடிய என்ன மாதிரியே தட்டிக் காட்டுறா. "பாத்திரம் தேய்க்கிற வூட்டு கை, வேற எப்டி தட்டும்?"னா. எல்லாம் சிரிச்சிதுங்க.

போன வாரம் அம்மாவுக்கு ஜுரம், நான் சமைக்கப் போனேன். அரிசி டிரம்முக்குள்ள சுஷ்மிதா அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டு. நான் படிச்சிகினு இருக்கறப்பவே சுஷ்மிதா அம்மா, பிரபாவதி ஆன்ட்டி வந்துட்டாங்க. "அவகிட்ட மஞ்சக்காமாலைன்னுதான் சொல்லியிருக்கோம். பப்ளிக் பரீட்சை முடியட்டும்மா"ன்னாங்க. தலையாட்டினேன். ரிப்போர்ட்ல இருந்த அந்த நீள வார்த்தைய மட்டும் மனப்பாடம் பண்ணிகினேன்.

இன்னிக்கு மிஸ்ஸு, ஒருத்தர் எழுதி இன்னொருத்தர் பிரிக்கணும்னாங்க. நான் போர்டுல அத எழுதி சுஷ்மிதாவக் கூப்ட்டேன். என்னப் பாத்து சிரிச்சிகினே தட்டினா. கொ-லாஞ்-ஜி-யோ-கார்-சி-நோ-மா. எட்டுத் தட்டு, 'நோ'வுல பலமா. கோல்னா பித்தம், ஆஞ்சியோன்னா கொழா, கார்சினோமான்னா கேன்சர்னு கடகடன்னு சொன்னா. கிளாசே கை தட்டிச்சி.

பெஞ்சுக்கு வந்ததும் அவ காதுல சொன்னேன். "உங்கப்பா ரிப்போர்ட்ல கீற வார்த்தை. அரிசி டிரம்முல போய்ப் பாரு."

அவ மூஞ்சி அப்டியே செத்துப் போச்சி. எனக்கு இனிச்சிது. மெய்யாலுமே இனிச்சிது. பையக்கூட எடுக்காம போனா.

டிரம்மு தொறந்து கெடந்துச்சாம், ரிப்போர்ட்டக் காணோமாம். இப்ப ஆன்ட்டி எங்க வூட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. ஒரு கால்ல அவங்க செருப்பு, இன்னொரு கால்ல சாரோட பெரிய செருப்பு. என் ரெண்டு கையையும் புடிச்சிகினு கேக்குறாங்க.

"நீ சொல்லலதானேம்மா?"