சொல்லிக் கொடு

நெட்டைக்கு நாற்பத்தோரு வயதாகிறது. வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள், சனிக்கிழமை காலையில் மட்டும் பள்ளிக்கூட உள்ளரங்கில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருகிறாள். அவளுக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு; அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அரங்குக்குள் நுழைந்துவிட்டால் அவள் நெட்டை மிஸ்தான்.

பிள்ளைகளுக்கும் அப்படித்தான். டமாரம், மிளகு, ஜன்னல், சக்கை என்று ஆளுக்கொரு பெயர். பெற்றோரில் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். அவர்களை நிற்க வைத்து நெட்டை காரணம் சொல்லுவாள். இந்த அணியில் ஒரே ஒரு சட்டம்: சொல்லிக் கொடு. பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் வாங்குகிறவளின் பெயரை வாய்விட்டுக் கூப்பிட வேண்டும். பெயர் காதில் விழுந்தவள் கையை விரித்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் பந்து போய்ச் சேர்ந்தாக வேண்டும். வீட்டில் வைத்த நீளமான பெயரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் எதிரணிக்காரி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவாளே.

முதல் மூன்று மாதம் பந்தைக் கூடையில் போடவே விடமாட்டாள். ஒரு காலை ஆணி அடித்த மாதிரி ஊன்றிக்கொண்டு மற்ற காலால் சுற்றித் திரும்பு, நெஞ்சிலிருந்து தள்ளு, தள்ளி முடித்ததும் கட்டைவிரல் தரையைப் பார்க்கட்டும், கொடுத்த இடத்திலேயே குத்துக்கல்லாட்டம் நிற்காதே, ஓடு. இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பு முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் பதினைந்து வயது ஞாபகம் வந்துவிடும்.

அப்போது அவள் பக்கத்தில் குண்டூசி இருந்தாள். உயரம் நெட்டையின் தோள் வரைகூட இல்லை. சுறுசுறுப்பு மட்டும் அளவுக்கு மீறி. இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்கச் சுவரோரம் நின்று பந்தைக் கொடுத்து வாங்குவார்கள். “குண்டூசி.” “நெட்டை.” “குண்டூசி.” “நெட்டை.” வேறு ஒரு வார்த்தை கிடையாது, ஆனால் அதைவிடப் பெரிய பேச்சை நெட்டை பிற்பாடு யாரோடும் பேசியதில்லை. கட்டிய புருஷனோடும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வியர்வையும் ரப்பரும் கலந்த அந்த வாசனை எங்கேயாவது மூக்கில் பட்டால் இன்றைக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

அந்த வருஷத்து இறுதி ஆட்டத்தில்தான் எல்லாம் போயிற்று. கடைசி நொடிகள், ஒரு புள்ளி பின்தங்கல். பந்து நெட்டை கையில். வலப்பக்கம் குண்டூசி. “குண்டூசி” என்று கத்தினாள் நெட்டை. எதிரணியில் இரண்டு பேர் அந்தப் பக்கம் பாய்ந்தார்கள். குண்டூசி கையை விரித்தாள். பந்து வரவில்லை. நெட்டை இடப்பக்கமாகப் புகுந்து கூடையில் போட்டுவிட்டாள். கோப்பை கிடைத்தது. ஆளாளுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு ஆடியபோது, குண்டூசி அதே இடத்தில் இன்னும் கையை விரித்தபடி நின்றது தெரிந்தது. நெட்டை அதற்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கவில்லை. பத்தே நாளில் குண்டூசியின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. வழியனுப்பக்கூட நெட்டை போகவில்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து, இந்தப் பருவத்துச் சேர்க்கைப் படிவம் ஒன்றில் தாயின் பெயரை நெட்டை இரண்டு தடவை படித்தாள். மிளகு, குண்டூசியின் மகள். மூன்று மாதமும் மிளகை அப்பாதான் கொண்டுவந்து விட்டார். இன்றைக்கு முதல் ஆட்டம். படிக்கட்டு வரிசையில், கணவருக்குப் பக்கத்தில், குண்டூசியே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நெட்டை முடிவு கட்டினாள். கேட்டால் அவள் கொடுப்பாளா என்பதுதான் தெரியவில்லை.

ஆட்டம் முடிய ஒரு நிமிஷம். பந்து மிளகிடம். “டமாரம்” என்று கத்தினாள் மிளகு. டமாரம் கையை விரித்தாள். இரண்டு பேர் அவள் மேல் பாய, மிளகு எதிர்ப்பக்கம் புகுந்து பந்தைக் கூடையில் போட்டுவிட்டாள். இருபத்து நான்கு, இருபத்து மூன்று. அரங்கமே கைதட்டியது. நெட்டைக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அணியின் நல்ல ஆட்டக்காரியான மிளகை வெளியே உட்கார வைத்துவிட்டு ஜன்னலை உள்ளே அனுப்பினாள். எதிரணி ஒரு கூடை போட்டது. இருபத்து நான்கு, இருபத்தைந்து. தோற்றார்கள்.

பெற்றோர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மிளகு துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். குண்டூசி நேராக நெட்டையிடம் வந்தாள்.

“எம்பொண்ணு என்னடி தப்பு பண்ணினா?”

“பேரைச் சொல்லிட்டுப் பந்தைக் கொடுக்கலை.” என்றாள் நெட்டை. “நான் உனக்குப் பண்ணின அதே துரோகம். அன்னைக்கே கேட்டிருக்கணும். என்னை மன்னிச்சிருடி.”

குண்டூசி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். என் பேரைச் சொன்னதுக்கே ரெண்டு பேர் அலறிட்டு ஓடிவந்தாங்க, நெட்டை அப்படியே புகுந்து கப்பைத் தூக்கிட்டான்னு. இந்தக் கதையைச் சொன்னாதான் அவ சோறே திம்பா.”

“அப்ப நீ கையை விரிச்சபடியே நின்னியே?”

“ஜெயிச்சிட்டோம்னு நம்பவே முடியலைடி, வேறென்ன. உன் தப்புக்கு இந்தச் சின்னதைத் தண்டிச்சிட்டியே, லூசு.”

நெட்டை மிளகின் முன்னால் மண்டியிட்டாள். “தப்பு என்மேலதான், கண்ணு. நீ ஆடினது நல்ல ஆட்டம்” என்றாள். மிளகு துண்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் வெளியே காட்டினாள்.

“அப்ப உனக்கு என்மேல கோவமே இல்லையா?” என்றாள் நெட்டை, எழுந்தபடி.

“இருந்துது. ஏன், இன்னும் இருக்கு. ரெண்டு லெட்டர் போட்டேன். பதிலே இல்ல.”

வந்தன, இரண்டும். திட்டித்தான் எழுதியிருப்பாள் என்று பயந்து நெட்டை பிரிக்கவில்லை. அகராதிக்குள் வைத்திருந்தாள், வீடு மாறியதில் அகராதியோடு போய்விட்டன. மென்று விழுங்கி அதைச் சொன்னாள்.

“என்ன எழுதியிருந்தே?”

“முதல் லெட்டர்ல புது வீட்டு அட்ரஸ். லீவுக்கு வா, பக்கத்துலயே கோர்ட் இருக்குன்னு.”

“ரெண்டாவதுல?”

குண்டூசி மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “இங்க யாரும் என்னைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க, நீ ஒரு தடவை வந்துட்டுப் போனா போதும்னு. நீ வரலை. அப்புறம் நான் பந்தையே தொடலைடி.”

நெட்டை அழுதாள். பிள்ளைகள் பார்க்கிறார்களே என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அட்ரஸைச் சொல்லு” என்றாள். “வரேன்.”