பின் யன்னல் இல்லாத தவறணை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முரசுமோட்டைக் கள்ளுத் தவறணையின் கட்டட வரலாற்றைத்தான் எழுத உட்கார்ந்தேன். 1957 மார்கழி வெள்ளத்தில் பழைய கொட்டில் விழுந்தது. மறு வருடம் அதே இடத்தில் புதியது எழுந்தது. மண் சுவர், பனையோலைக் கூரை, உள்ளே உட்கார இரண்டு வாங்கு. ஒரு யன்னல் குறைந்ததால் வரலாறு கதையாகிவிட்டது.

2.
"வெயில் சாய்ந்த வேளையில் சிற்றம்பலம் மண் குழைத்துக்கொண்டு…" (வேண்டாம். வெயிலோடு தொடங்கும் கதைகள் அலுத்துவிட்டன.)

பழைய கொட்டிலுக்கு முன்னால் வாசல், பின்னால் சின்ன யன்னல். வாசலால் போனவர்கள் வாங்கில் இருந்து கிளாசில் குடித்தார்கள். சிற்றம்பலத்தின் ஆட்கள் சாதியில் குறைந்தவர்கள் என்பது ஊரின் தீர்ப்பு. அவர்கள் பின்னால் நின்று, குடிப்பதற்கு மடித்த ஓலைப் பிளாவை யன்னலுக்குள் நீட்டி வாங்கவேண்டும். மழை நாளில் கள்ளோடு தண்ணீரும் குடித்தார்கள்.

புதிய சுவரை வைத்தவன் சிற்றம்பலம். யன்னலை அவன் வைக்கவில்லை.

மறந்தானா, மறப்பதென்று முடிவெடுத்தானா? மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் யன்னல் வரவேண்டிய இடத்தில் அவன் குனிந்து இன்னொரு கட்டி மண்ணை எடுக்கிறான்.

(பெயரிலும் சந்தேகம். தவறணைக்காரர் அப்புத்துரை அவனைச் 'சிற்றன்' என்றுதான் கூப்பிட்டார். முழுப் பெயரைச் சொல்பவன் நான் மட்டுமே.)

3.
திறப்பதற்கு முதல் நாள் அப்புத்துரை கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

"எட சிற்றன், பின் யன்னல் எங்கை?"

"மறந்து போனன், நயினார்."

"பத்து வருசம் அதடியிலை நிண்டு குடிச்சனி. அதை மறப்பியோ?"

"ஓம் நயினார். எனக்கும் அதுதான் விளங்கேல்லை."

"இப்ப வெட்டு."

"பச்சை மண். இப்ப வெட்டினால் கூரையும் சேந்து வரும். ஒரு மாதம் காயவேணும்."

அப்புத்துரை கட்டைவிரலால் சுவரை அமுக்கினார். விரல் உள்ளே போனது.

4.
முடிவு ஒன்று: திறப்பைத் தள்ளிப்போட்டார்கள். (பொய். இறக்கிய கள் ஒரு மாதம் காத்திருக்காது.)

முடிவு இரண்டு: அவனை அடித்து… (நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: எல்லோரும் மனம் திருந்தி… (நானே நம்பவில்லை.)

5.
ஆகவே இதோடு நிறுத்துகிறேன். திறப்பு நாள், காலை பதினொரு மணி. சிற்றம்பலம் பிளாவை வீட்டில் விட்டுவிட்டு வந்து முன் வாசலில் நிற்கிறான். கள்ளு முட்டியோடு நிற்கும் அப்புத்துரை அவனைப் பார்க்கவில்லை. வாங்கில் இருப்பவர்களைப் பார்க்கிறார். அவர்கள் என்ன செய்கிறார்களோ அதுவே அவருக்குச் சட்டம்.

வாங்கின் ஓரத்தில் இருப்பது நீங்கள். எப்போது இருத்தினாய் என்று என்னைக் கேட்காதீர்கள். கதைக்குள் வாசலால்தானே வந்தீர்கள். அவன் உங்களிடம் ஒன்றும் கேட்கமாட்டான். நீங்கள் கொஞ்சம் அரக்கி இடம் விட்டால் இன்னொருவர் இருக்கலாம்.