ராஸ்கோவின் நாற்காலி

போனைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் கோல்ஃப் மைதானத்துக்குள் போக வேண்டும் என்பது ஆகஸ்டாவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். என் கணவர் எல்வுட் தன்னுடைய போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் டாஷ்போர்டு பெட்டிக்குள் வைத்தார். நான் என்னுடையதை சீட்டின் மேல் எறிந்தேன். கார் நிறுத்தி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் கண்ணாடி மேல் பைன் மரத்து மகரந்தம் மஞ்சள் தூளாகப் படிய ஆரம்பித்திருந்தது.

"அணைக்கலையா?"

"அணைச்சா என்ன, அணைக்காட்டி என்ன. யாரு என்னைக் கூப்பிடப் போறா?"

"வாரண்டிக்காரன் கூப்பிடுவானே. இது அவன் சீசனாச்சே. இன்னிக்கு நல்லா ஏமாந்தான்."

அவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த வாரத்தில் ஒரு நாள், ஏதோ ஓர் ஆகஸ்டா நம்பரிலிருந்து காலை முதல் மாலை வரை எனக்கு அழைப்பு வரும். அதைத் தடுத்தால் வேறு நம்பரிலிருந்து வரும். பழைய காருக்கு வாரண்டி விற்கிறவனாகத்தான் இருக்கும் என்று நான் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. மஞ்சள் தூளும் அவனும் ஒரே வாரத்தில் வருவார்கள். இரண்டையும் துடைத்துப் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு ஸ்கூல் பஸ் ஓட்டப் போய்விடுவேன்.

எல்வுட்டுக்கு கோல்ஃப் பைத்தியம். வருஷக்கணக்காகக் குலுக்கலுக்கு எழுதிப் போட்டு, இந்தத் தடவைதான் பெரிய போட்டிக்கு முந்தின பயிற்சி நாளுக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. தேவாலயத்து நண்பர் ஒருவரை அழைத்துப் போவதாக இருந்தார். நானும் வருகிறேன் என்றேன். டிவியில் கோல்ஃப் ஓடினால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறவள் நான். அவர் காரணம் கேட்கவில்லை. அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

காரணம் என் தம்பி ராஸ்கோ. ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஆஸ்பத்திரியில் இப்பவோ அப்பவோ என்று கிடந்தாள். ராஸ்கோ ஏ.சி. ரிப்பேர் செய்கிறவன். வாடிக்கையாளர் ஒருவர் வருஷா வருஷம் அவனைப் பயிற்சி நாளுக்கு அழைத்துப் போவார். "அரை நாள்தான்க்கா, தலையைக் காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து, "ராஸ்கோ எங்கே?" என்றாள். அவன் போன் காரில் கிடந்தது. நான் அடித்து அடித்து ஓய்ந்தேன். சாயங்காலம் புதுப் பச்சைத் தொப்பியோடு வந்து நின்றான். அம்மா இல்லை. வராந்தாவில் வைத்து நான் அவனைச் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். அதற்கப்புறம் அவன் நம்பரைத் தடுத்து வைத்தேன். ஒரு தடவை வீட்டுக்கு வந்தான், கதவைத் திறக்கவில்லை.

என்னால் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்ட கேள்வி ஒன்றுதான். போட்டிகூட இல்லை, வெறும் பயிற்சி. பெற்றவளை விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும்படி அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? அதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று வந்தேன்.

உள்ளே ஓடக் கூடாது. அதுவும் சட்டம். ஆறடி ஆண்பிள்ளைகளெல்லாம் கல்யாண ஊர்வலத்தில் போவதுபோல் நிதானமாக நடந்தார்கள். எல்வுட் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரர் ஒருவர் பின்னால் போய்விட்டார். முழங்கால் வலியோடு நான் முட்டை சாண்ட்விச் ஒன்றை வாங்கிக்கொண்டு, பதினாறாம் குழிப் பக்கத்துக் குளத்தங்கரைக்குப் போனேன். வரிசை வரிசையாக மடக்கு நாற்காலிகள், பாதி காலி. நாற்காலியைப் போட்டுப் பெயர் அட்டையைச் செருகிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம், அது போட்ட இடத்திலேயே இருக்கும். சொந்தக்காரர் வரும் வரைக்கும் யாரும் அதில் உட்காரலாம். வந்தால் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். உட்கார இடம் தேடி அட்டைகளைப் படித்துக்கொண்டே போனேன்.

இரண்டாவது வரிசையில் இருந்தது. பெட்டிஃபோர்டு ஏ.சி. ரிப்பேர். கீழே ராஸ்கோவின் பெயர்.

எனக்குக் கோபம் வந்தது. இன்னமும் வருகிறானா இவன்? அந்த நாற்காலியில் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். வரட்டும், வந்து என்னைப் பார்த்து எழுந்திரு என்று சொல்லட்டும். ஏழு வருஷமாகத் தீட்டி வைத்திருந்த வாக்கியம் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் சாண்ட்விச்சைப் பார்த்துச் சிரித்தாள். அலபாமாக்காரி, பெயர் டுவைலா. கேட்காமலே எல்லாவற்றையும் சொல்கிற ஜாதி.

ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கரையில் இருந்த கூட்டம், "தத்த விடு, தத்த விடு" என்று கத்தியது. இளைஞன் ஒருவன் சிரித்துக்கொண்டே பந்தைத் தண்ணீரின் மேலேயே அடித்தான். தவளை மாதிரி நாலு தத்துத் தத்தி அக்கரை ஏறிப் புல்லில் உருண்டது. நான் என்னை மறந்து கை தட்டினேன். தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவர்கள் புல்தரையில் பந்தை உருட்டிப் பழகினார்கள். ஒருத்தன் குழியை விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத மூலையைப் பார்த்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"குழி இந்தப் பக்கம் இருக்கு, அவன் ஏன் அங்க உருட்டுறான்?" என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டத்துக்குக் குழியை அங்கதான் வெட்டுவாங்க. வரப்போற குழிக்கு இப்பவே அடிச்சுப் பழகுறான்."

எனக்கு அது விநோதமாக இருந்தது. குழி இல்லாத இடத்தில் பந்து போய் நின்றதும், ஏதோ விழுந்துவிட்ட மாதிரி அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியவில்லை. பிறகு நினைவு வந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"நாற்காலிக்காரரைத் தேடுறீங்களா? பயப்படாம உட்காருங்க, அவரு வரமாட்டாரு" என்றாள் டுவைலா. "வருஷா வருஷம் பார்க்கிறேனே. நாற்காலியைப் போடுவாரு, ரெண்டு பந்து பார்ப்பாரு, உடனே போன் பண்ண எந்திரிச்சுப் போயிடுவாரு. வாசல் பக்கம் ஓசி போன் வச்சிருக்காங்கல்ல, அங்க. நாள் பூரா இதே வேலை. பாவம், லூசு."

"யாருகூடப் பேசுறாரு?"

"பேசினாத்தானே. யாரோ அக்காவாம், எடுக்கவே மாட்டாங்களாம். இவரோட நம்பர்லேருந்து போட்டா போகவே போகாதாம். இந்த போன்ல போட்டா மணி அடிக்குதாம். அடிக்கிறதே போதும்கிறாரு மனுஷன்."

மீதி சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்தேன்.

"வேற எங்கேருந்தாவது கூப்பிட வேண்டியதுதானேய்யான்னு கேட்டேன்" என்று அவளே தொடர்ந்தாள். "அதுக்கு, 'ஒரு தடவை இங்கேருந்துதான் கூப்பிடாம விட்டேன், அதனால இங்கேருந்துதான் கூப்பிடணும்'னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு விளங்குதா?"

நான் எழுந்துவிட்டேன். ஆறு ஏப்ரல். பாத்திரம் கழுவுகிற ஈரக் கையோடு, பஸ் சாவியைத் தேடுகிற அவசரத்தோடு, ஒவ்வொரு தடவையும் அந்த வாரண்டிக்காரனை என் விரலாலேயே அழுத்தி அழுத்தி அணைத்தேன். ஒரு நாள் எல்வுட்டைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்துக்கூட இருக்கிறேன். ஐயோ என்று இருந்தது எனக்கு. முழங்காலை மறந்து ஓட ஆரம்பித்தேன்.

"அம்மா, நடந்து போங்க" என்றார் காவலுக்கு நின்றவர்.

நடந்தேன். அந்த ஊரிலேயே கஷ்டமான காரியம் அதுதான் என்று தோன்றியது.

போன்கள் சுவரோரமாக வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஆட்கள், எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசியில் நின்றவனுடைய பிடரி முழுக்க நரைத்திருந்தது. என் தம்பிக்குப் பிடரி நரைத்திருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. சின்னப் பிள்ளையில் நின்ற மாதிரியே இடது காலை மடக்கி வலது காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றான். நான் போய் அவன் பின்னால் நின்றேன். தீட்டி வைத்த வாக்கியத்தைத் தேடினேன், வரவில்லை.

பின்னால் ஆள் நிற்பது தெரிந்து, திரும்பாமலே சொன்னான். "ஒரு நிமிஷங்க. இன்னும் ரெண்டு மணி அடிக்கட்டும், வச்சிடறேன்."

"அடிக்கட்டும்" என்றேன். "எடுக்கத்தான் ஆளில்லை. போன் கார்ல கிடக்கு, ராஸ்கோ."

மடக்கியிருந்த கால் தரைக்கு இறங்கியது. அவன் திரும்பவில்லை. ரிசீவரைக் கீழே வைத்தால் நான் போய்விடுவேன் என்பதுபோல், அதை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கும் கேட்டது.