மூன்றாவது சிலிண்டர்

கடலூர் ஓல்டு டவுனில் கார் பட்டறை வைத்திருக்கும் கலைமணி, அன்று காலை ஆறரை மணிக்கு அருள் பிரகாஷின் வீட்டு வாசலில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அருள் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். அவன் மனைவி ஆரோக்கிய அனிதா ஈரலில் கட்டி வந்து இருபது நாளாகச் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் அங்கே போய்வர அவனுக்கு இருந்தது இந்தப் பழைய பெட்ரோல் கார்தான்.

"ரெண்டு நாளா டக்கு டக்குனு அடிக்குது மச்சான். வண்டிய போட்டுட்டு போன்னு மட்டும் சொல்லிடாத."

கலைமணி நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. தேய்ந்த பிஸ்டன் அப்படித்தான். குளிரில் சிலிண்டர் சுவரில் மோதும், சூட்டில் விரிந்ததும் அடங்கும். ஆயிலைக் கவனித்துக்கொண்டால் சில மாதம் ஓட்டலாம்.

ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தியபோது அடியிலிருந்து கனமாக இன்னொரு அடி கேட்டது. அது பிஸ்டனைத் தாங்கும் ராடின் பேரிங்காக இருந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. அதை உறுதிசெய்ய பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆயிலை வடித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அருள் கஞ்சி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தான்.

"பிஸ்டன்தான் தேஞ்சிருக்கு," என்றான் கலைமணி. "அனிதா வீட்டுக்கு வரட்டும், அப்பறம் இன்ஜின எறக்கிக்கலாம். இப்ப ஓட்டு."

அருளின் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கக் கலைமணிக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியம் அனிதாவின் அக்கா ரீட்டா அருளின் கம்பெனிக்குப் போன் செய்தாள். "தம்பி, உங்களத்தான் கேக்குறா. சீக்கிரம் வாங்க."

அருள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழியில் புதுச்சத்திரம் தாண்டியதும் இன்ஜின் சம்மட்டியால் அடிப்பதுபோல் நாலு முறை அடித்து இறுகி நின்றுபோனது. அருள் வெயிலில் நின்று போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினான். கடைசியில் ஒரு பஸ் நின்றது. அவன் வார்டுக்குள் போனபோது அனிதா இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"கார் வந்துடுச்சானு கேட்டுக்கிட்டே இருந்தா," என்றாள் ரீட்டா.

அடக்கம் முடிந்த மறுவாரம் கலைமணி காரைக் கட்டி இழுத்துவந்து இன்ஜினைப் பிரித்தான். பிஸ்டன்கள் தேய்ந்திருந்தாலும் இன்னும் ஓடக்கூடியவை. மூன்றாவது சிலிண்டரின் பேரிங் உருகி, ராடு முறிந்து கிடந்தது. அருள் எதுவும் கேட்டிருக்கவில்லை. பழைய வண்டி, விதி என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கலைமணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு அருள் வீட்டுக்குப் போனான்.

"பிஸ்டன் இல்லடா. பேரிங். அன்னிக்கே எனக்கு சந்தேகம் வந்துச்சு. சோதிச்சுப் பாக்கல."

அருள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் பாக்கல?"

"நீ அவள பாக்கப் போகணும்னு நின்ன. ஓட்டாதனு சொல்ல மனசு வரல."

அருள் சொன்னான், "சொல்லியிருந்தா பஸ்ல போயிட்டு வந்திருப்பேன். அன்னிக்கும் பஸ்லயே போயிருப்பேன்." குரல் உயரவில்லை. பேரிங்கைத் திண்ணை மேல் வைத்துவிட்டு உள்ளே போனான். கலைமணி அழுதுகொண்டே வாசலில் நின்றான். யாரும் வெளியே வரவில்லை.

அனிதாவின் முப்பதாம் நாள் பூசைக்குக் கலைமணி மாதா கோவிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். முடிந்ததும் நழுவப் பார்த்தவனை ரீட்டா பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாள். அருள்தான் சோறு பரிமாறினான். எல்லோரையும் போல அவன் இலையிலும் இரண்டு கரண்டி வைத்தான். ஒரு கணம் நின்றான். ஏதோ சொல்லப்போகிறான் என்று கலைமணி நிமிர்ந்தான். அருள் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.