கவனத்துக்கு நூற்றுக்கு நூறு

என் மகள் ஜீவிதா வகுப்பில் தூங்குகிறாளாம். சொன்னது டீச்சர் இல்லை, கரும்பலகைக்கு மேலே மாட்டியிருக்கிற கேமரா. செவிலிமேட்டில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் ஏஐ வந்திருக்கிறது. எந்தப் பிள்ளை எவ்வளவு கவனிக்கிறது என்று அதுதான் மார்க் போடும். கரண்ட் போனால் கண் அவிந்துபோகிற சாமான், ஜீவிதாவுக்கு இருபத்திரண்டு போட்டிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவிலிருந்து அவளை எடுத்து, படிப்பு ஏறாத பிள்ளைகளோடு உட்காரவைக்கப் போகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாடம் கேட்கும்போது ஜீவிதா கண்ணை மூடிக்கொள்வாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்து அத்தனையையும் எனக்கே நடத்திக் காட்டுவாள்.

"கோயில்ல கண்ண மூடிக்கினு நிக்கிறவங்கல்லாம் தூங்கறாங்களா சார்?" என்று தாளாளர் வீரபத்திரனிடம் கேட்டேன்.

"மனுஷன் தப்பு பண்ணுவான் மேடம், மெஷின் பண்ணாது. நீங்களே பாருங்க," என்று தன் அறை டிவியைப் போட்டார்.

வகுப்பு தெரிந்தது. ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் ஒரு கட்டம், அதன் மேல் மார்க். என் பிள்ளையின் கட்டம் சிவப்பு.

"யாரு ஃபர்ஸ்ட்டுனு பாருங்க," என்று பெருமையாக ஒரு பட்டனைத் தட்டினார்.

பச்சைக் கட்டத்துக்குள் ஒரு முகம் திரை முழுக்க விரிந்தது. நூற்றுக்கு நூறு. வகுப்பின் பின்சுவரில் மாலையோடு மாட்டியிருந்த போட்டோ அது. தாளாளரின் அப்பா, பள்ளியைத் தொடங்கியவர், போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது.

பக்கத்தில் நின்ற மேரி டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"நல்லா கவனிக்கிறாரு சார், கண்ணே சிமிட்டல," என்றேன். "ஏ செக்‌ஷன்ல இவரையே வச்சிக்கங்க."

வீரபத்திரன் முகம் சுண்டிப்போனது. ஜீவிதாவுக்கு ஒரு மாசம் டைம் கொடுப்பதாக முனகினார். மறுநாளே ஆளைக் கூப்பிட்டுப் போட்டோவைக் கழற்றிவிட்டாராம். கேமரா அங்கேயேதான் இருக்கிறது. அடடா, என்ன மூளை!

நேற்று ஜீவிதா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, எனக்குத் தொண்ணூத்தாறு! ஏ செக்‌ஷன்லயே இருக்கலாம்னுட்டாங்க."

"எப்டிமா?"

"கண்ண மூடாம கேமராவயே பாத்துக்கினு இருந்தா போதும்மா."

"சரி, இன்னிக்கு இன்னா பாடம் நடத்துனாங்க?"

உதட்டைப் பிதுக்கினாள்.

"அதயே பாத்துக்கினு இருந்தா பாடத்த எப்டிமா கவனிக்கறது?" என்றாள்.