அன்செல்மோவின் கழுத்து

பொவாக் ஊரில் கிறிஸ்தவர்களின் புனித வாரம் பிறந்துவிட்டால் ஆண்கள் பலர் ரோமாபுரிச் சிப்பாய் வேஷம் கட்டி, மர முகமூடி மாட்டிக்கொண்டு, ஏழு நாளும் வெயிலில் திரிவார்கள். எல்லாம் நேர்த்திக்கடன்தான். உள்ளே இருப்பது யாரென்று கடைசிவரை தெரியக் கூடாது. தெரிந்தால் வேண்டுதல் வீண் என்பது அன்செல்மோவின் அசைக்க முடியாத நம்பிக்கை. மகள் லிகாயா ஐந்து வயதில் காய்ச்சலில் பிழைத்தபோது, ஏழு வருஷம் நடப்பதாக வேண்டியிருந்தான். இது ஏழாவது வருஷம். இதில் தவறினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்தா கழுத்து பிடித்துக்கொள்ள வேண்டும்? ஒத்திகையிலேயே பிடித்துக்கொண்டது. மணிலாவிலிருந்து புதிதாக வந்திருந்த, எலும்பை நெட்டி முறித்துச் சரிசெய்யும் கைரோபிராக்டர் மாரிவிக்கிடம் போனான். ‘தலையில் பாரம் சுமப்பதுண்டா?’ என்று படிவத்தில் ஒரு கேள்வி. ரகசியமாயிற்றே! ‘இல்லை’ என்று எழுதினான். டாக்டர் அவன் தலையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பினாள். ‘படக்’ என்றது. அவனுக்கு உயிர் போய் வந்தது.

மறுநாள் காலை வலி இரண்டு பங்காகியிருந்தது. மனைவி பெலிசா ஆறுதலுக்குக் கைப்பேசியை நீட்டினாள்.

“இதப் பாருய்யா. கழுத்த நெட்டி முறிச்சதுல ஒருத்தனுக்கு ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதமே வந்துடுச்சாம்.”

“இத நேத்தே காட்டியிருக்கக் கூடாதாடி?”

“காட்டியிருந்தா நீ போயிருக்க மாட்டியே!”

இருவரும் டாக்டரிடம் ஓடினார்கள். அவள் கண்ணைப் பார்த்தாள், கையை அழுத்தச் சொன்னாள், நடக்கவிட்டாள்.

“தலை சுத்துதா? கை மரத்துப் போகுதா? நாக்கு குழறுதா? பார்வை ரெண்டு ரெண்டாத் தெரியுதா?”

“இல்ல டாக்டர். வலி மட்டும்தான்.”

“ரெண்டு நாள் இருக்கும், போயிடும். நான் கேட்டதுல ஒண்ணு வந்தாலும் என்கிட்ட வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

“இந்த வைத்தியமே ஆபத்துங்கறாங்களே டாக்டர்?” என்று அன்செல்மோ முறைத்தான்.

பெலிசாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏன்யா, நாலு கிலோ மரத்தத் தலையில மாட்டுறத அவங்ககிட்ட சொன்னியா?”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஏழு வருஷமா புனித வாரத்துல மட்டும் மீன் பிடிக்கப் போறேங்கற. ஒரு நெத்திலியாவது வீடு வந்துச்சா?”

டாக்டருக்கு முகம் சிவந்தது. “என்கிட்டயே பொய்யா? தெரிஞ்சிருந்தா அந்தக் கழுத்தத் தொட்டே இருக்க மாட்டேன்! என்னைப் பார்த்து ஆபத்துங்கறீங்களா? இந்த வருஷம் மர முகமூடி கிடையாது. வேணும்னா காகிதத்துல செஞ்சு போட்டுக்குங்க.”

பொண்டாட்டிக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் கணக்கில்லை என்று அவன் மனசைத் தேற்றிக்கொண்டான். பெலிசா பழைய செய்தித்தாளைக் கூழில் தோய்த்து ஒட்டி, மீசை வரைந்து, புது முகம் செய்து கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி நடந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் சந்தைத் தெருவில் கோடை மழை கொட்டித் தீர்த்தது. முதலில் மீசை போயிற்று. பிறகு மூக்கு. கையால் தாங்கத் தாங்க முகமூடி கூழாகி மார்பில் வழிந்தது. தெருவே பார்த்திருக்க, அன்செல்மோ சொந்த முகத்தோடு நின்றான். இன்னும் இரண்டே நாள்! ஏழு வருஷமும் மண்ணாய்ப் போனதே என்று நெஞ்சு வெடித்தது.

யாரும் சிரிக்கவில்லை. மீன்காரி கோரசோன் பக்கத்துக் கடைக்குக் கேட்கும்படி, “யாரு அந்த ஆளு? நம்ம ஊரு மாதிரி தெரியலையே!” என்றாள்.

“வெளியூரா இருக்கும்” என்றான் கறிக்கடைக்காரன். நேற்றுதான் அன்செல்மோவோடு உட்கார்ந்து சீட்டாடியவன்.

கூட்டத்திலிருந்து பன்னிரண்டு வயசு லிகாயா குடையோடு வந்தாள். அப்பாவை அண்ணாந்து பார்த்தாள்.

“எனக்கும் தெரியலங்க. நீங்க பாட்டுக்கு நடங்க ஐயா” என்று குடையை அவன் கையில் கொடுத்தாள்.